கஞ்சித்தொட்டி

வடசென்னையின் பழைய மனிதர்களிடம் ஸ்டான்லி ஆஸ்பத்திரி என்பதைவிடக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றால் சட்டென்று விளங்கும். 1782 பஞ்சம் விட்டுச்சென்ற பெயர் அது. பட்டினி கிடந்தோருக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரம் ஆங்கிலேயர் வாயில் ‘மணேகார் சவுல்ட்ரி’ ஆனது. அதையொட்டி வளர்ந்ததே இன்றைய மருத்துவமனை.

கஞ்சி வீட்டுச் சொல். பானையோடும் கலயத்தோடும் சேர்ந்தது. தொட்டியோ மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது, கழுநீர் ஊற்றுவது. பானைக்கு அடங்காத கூட்டம் வாசலில் நின்ற பிறகே இந்த இரண்டும் ஒரே சொல்லாகியிருக்க வேண்டும்.

அந்தக் கூட்டத்தைத் திரட்டியது போர். 1780-ல் மைசூரின் ஹைதர் அலியின் படை அன்று ‘கர்நாடிக்’ எனப்பட்ட பகுதிக்குள் புகுந்து சென்னையைச் சுற்றிய ஊர்களைப் பாழாக்கியது. உழவர் நகருக்குள் ஓடிவந்தனர், வயல் தரிசானது. கடல்வழி வரவேண்டிய அரிசிக்கும் பிரெஞ்சுக் கப்பற்படையால் ஆபத்து.

அடுத்த நூற்றாண்டிலும் பஞ்சம் வந்தது. 1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் மழை பொய்த்தது உண்மை. அதோடு நிறுத்திக்கொண்டால் பாதிக் கதைதான். நெல் அடியோடு இல்லாமல் போகவில்லை. விலைதான் கைக்கு எட்டாமல் போனது. வேலையிழந்த கூலியாளுக்குக் கடையில் இருக்கும் தானியமும் இல்லாததுதான். வைஸ்ராய் லிட்டன் தானிய வணிகத்தில் தலையிட மறுத்தார். பஞ்சத்தின் நடுவே, 1877 ஜனவரி 1 அன்று, டெல்லியில் தர்பார் நடத்தினார். அவர் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலையில் மண் சுமந்த ஆளின் நாட்கூலியை ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசுமாகக் குறைத்தார். ஒரு பவுண்டு என்பது அரைக்கிலோகூட இல்லை. உழைக்கும் உடலுக்கு இது போதாதென்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்த் துண்டு அந்தப் பஞ்ச வேலையில் வெட்டப்பட்டது. அதைக் கடக்கும்போது அந்தக் கூலியை நினையுங்கள். மாகாணத்தில் மாண்டவர் பல லட்சம்.

சுதந்திரத்துக்குப் பிறகும் சொல் ஓயவில்லை. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தறி நின்றுபோன தமிழக நெசவாளர்களுக்காகக் கஞ்சித்தொட்டிகள் திறக்கப்பட்டன. 2002-ல் மத்திய அரசின் கிடங்குகளில் இருந்த தானியமோ 6 கோடி டன்னுக்கு மேல். அந்தப் பசிக்கு வானத்தைக் குற்றம் சொல்ல வழியே இல்லை.