இந்தியக் கடற்படையின் விரிவாக்கமும் எமது கிழக்குக் கடலும்

2035ஆம் ஆண்டளவில் 175 கப்பல்களைக் கொண்ட கடற்படையாக வளர்வதே இந்தியாவின் இலக்கு. உள்நாட்டிலேயே கட்டப்பட்ட விமானந்தாங்கிக் கப்பல், அணுசக்தியால் இயங்கும் நீர்மூழ்கிகள், அந்தமான் முதல் மொரீஷியஸின் அகலேகா தீவு வரை விரியும் தளங்களும் ஓடுபாதைகளும் என அந்நாடு தனது கடல்வலிமையைப் படிப்படியாகப் பெருக்கி வருகின்றது. இதனை டெல்லிக்கும் பீஜிங்கிற்கும் இடையிலான போட்டி என்று மட்டும் கருதி, பத்திரிகையின் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தோடு நாம் விட்டுவிட முடியாது. நற்பிட்டிமுனையிலோ மருதமுனையிலோ சாய்ந்தமருதிலோ வாழும் ஒருவருக்கு வங்காள விரிகுடா என்பது வரைபடத்தில் உள்ள ஒரு பெயரல்ல. அது அவரது ஊரின் கிழக்கெல்லை. அந்தக் கடலில் யாருடைய கை ஓங்குகின்றது என்பது கரையில் வாழ்வோரின் வாழ்வையும் மாற்றக்கூடியது என்பதற்கு எமது வரலாறே சான்றாகும்.

கடல் மாறியபோது கரையும் மாறியது

பதினாறாம் நூற்றாண்டில் இந்து சமுத்திரத்தின் வணிகப் பாதைகளைக் கைப்பற்ற வந்த போர்த்துக்கேயரை நீண்டகாலம் எதிர்த்து நின்றவர்கள் குஞ்ஞாலி மரைக்காயர்கள். இவர்கள் கோழிக்கோட்டுச் சாமூதிரி மன்னரின் கடற்படைத் தளபதிகளாவர். சீதாவக்கை மன்னன் மாயாதுன்னைக்கு உதவும் நோக்குடன் புறப்பட்ட மரைக்காயர்களின் கப்பற்படை, 1538ஆம் ஆண்டு இராமநாதபுரக் கரையிலுள்ள வேதாளையில் போர்த்துக்கேயரால் முறியடிக்கப்பட்டது. இன்று மும்பையிலுள்ள இந்தியக் கடற்படைத் தளம் ஒன்று குஞ்ஞாலியின் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

கடலாதிக்கம் போர்த்துக்கேயர் கைக்குச் சென்றதன் விளைவு இலங்கைக் கரையிலும் உணரப்பட்டது. 1626ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் தமது ஆட்சிக்குட்பட்ட கரையோரங்களிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களில் பெருந்தொகையினரை மட்டக்களப்புப் பிரதேசத்தில் குடியமர்த்தினான். ஏற்கெனவே இங்கு வாழ்ந்த தமிழ், முஸ்லிம் குடிகளோடு அவர்களும் கலந்தனர். இன்று நாம் காணும் கிழக்குக் கரையின் மக்கட் பரம்பல் உருவானதில் கடற்போர்களுக்கும் ஒரு பங்குண்டு என்பதை நாம் பொதுவாக நினைத்துப் பார்ப்பதில்லை.

அண்மைய காலத்திலும் உதாரணம் உண்டு. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பையும் 9ஆம் திகதி திருகோணமலையையும் ஜப்பானிய விமானங்கள் தாக்கின. அந்த 9ஆம் திகதியே பிரித்தானியாவின் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. 307 பேர் உயிரிழந்தனர். அதன் சிதைவு இன்னமும் எமது கடலடியில் கிடக்கின்றது. பிரித்தானியா பின்னர் அதே பெயரில் வேறொரு விமானந்தாங்கியைக் கட்டியது. அதுவே பிற்காலத்தில் இந்தியாவிடம் விற்கப்பட்டு, 'விராட்' என்னும் பெயருடன் 1987 முதல் 2017 வரை சேவையாற்றியது.

பிறர் கப்பலில் தொடங்கிய பயணம்

சுதந்திரத்தின் பின்னர் இந்தியாவுக்கு எஞ்சியது பிரித்தானியர் விட்டுச்சென்ற சிறியதொரு கடற்படையே. 1950 ஜனவரி 26ஆம் திகதி இந்தியா குடியரசானபோது 'இந்தியக் கடற்படை' என்ற பெயர் நடைமுறைக்கு வந்தது. பிரித்தானியாவிடமிருந்து வாங்கப்பட்ட முதலாவது விமானந்தாங்கியான விக்ராந்த் 1961இல் சேவையில் இணைந்தது.

1971 டிசம்பர் யுத்தத்தில் இக்கப்பலின் விமானங்கள் சிட்டகொங், கொக்ஸ் பஜார் ஆகிய துறைமுகங்களைத் தாக்கின. கிழக்குப் பாகிஸ்தானுக்கான கடல்வழி அடைக்கப்பட்டது. அதே மாதத்தில் அமெரிக்கா தனது என்டர்பிரைஸ் விமானந்தாங்கியை வங்காள விரிகுடாவுக்கு அனுப்பியது. தன்னிடம் வலிமையான கடற்படை இல்லாவிடின் வெளிச்சக்திகள் தனது வாசலுக்கே வந்துவிடும் என்ற பாடத்தை டெல்லியின் திட்டமிடலாளர்கள் அன்று கற்றுக்கொண்டனர் எனலாம்.

எனினும் நீண்டகாலம் தரைப்படைக்கும் விமானப்படைக்கும் அடுத்த இடமே கடற்படைக்குக் கிடைத்தது. பாகிஸ்தான், சீனா ஆகிய இரு நாடுகளுடனான எல்லைகளும் நிலத்தில் இருந்தமையே அதற்குக் காரணமாகும். 1990களில் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின்னர் கணக்கு மாறியது. இந்தியாவின் வர்த்தகத்தில், அளவின்படி, ஏறத்தாழ 95 சதவீதம் கடல்வழியே நடைபெறுகின்றது. அதன் மசகு எண்ணெய்த் தேவையின் பெரும்பகுதி வெளிநாடுகளிலிருந்து கப்பல்களிலேயே வந்து சேருகின்றது. வளைகுடாவிலிருந்து மலாக்கா நீரிணைக்குச் செல்லும் பெருவழி இலங்கையின் தென்முனையை உரசிச் செல்கின்றது.

இன்றைய பலம்

கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் உருவான புதிய விக்ராந்த் 2022 செப்டெம்பர் 2ஆம் திகதி சேவையில் இணைக்கப்பட்டது. 262 மீற்றர் நீளமும் சுமார் 45,000 தொன் எடையும் கொண்ட இக்கப்பலே இந்தியாவில் கட்டப்பட்ட முதலாவது விமானந்தாங்கியாகும். ரஷ்யாவிடமிருந்து பெறப்பட்ட விக்ரமாதித்யாவுடன் சேர்த்து இந்தியாவிடம் இப்போது இரு விமானந்தாங்கிகள் உள்ளன. அவற்றுக்கெனப் பிரான்ஸிடமிருந்து 26 ரபேல் போர்விமானங்களை வாங்கும் ஒப்பந்தம் 2025 ஏப்ரலில் கைச்சாத்திடப்பட்டது.

கடலுக்கு அடியிலும் வளர்ச்சி தெரிகின்றது. விசாகப்பட்டினத்தில் கட்டப்பட்ட அணுசக்தி நீர்மூழ்கியான அரிஹந்த் 2016இலும் அரிகாத் 2024இலும் சேவைக்கு வந்தன. இவை அணுவாயுத ஏவுகணைகளைச் சுமக்கக் கூடியவை. பிரெஞ்சுத் தொழில்நுட்பத்துடன் மும்பையில் கட்டப்பட்ட கல்வரி வகை நீர்மூழ்கிகள் ஆறில் இறுதியானது 2025 ஜனவரியில் இணைந்தது.

தளங்களைப் பொறுத்தவரை, மேற்குக் கரையில் கார்வார், கிழக்குக் கரையில் விசாகப்பட்டினம், 2001இல் முப்படைக் கட்டளைப் பீடம் அமைக்கப்பட்ட அந்தமான்-நிக்கோபார் ஆகியன முக்கியமானவை. 2024இல் மினிக்கோய்த் தீவில் ஜடாயு என்ற தளம் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் அகலேகாவில் இந்தியா அமைத்துக்கொடுத்த ஓடுபாதையும் திறக்கப்பட்டது. எமக்கு மிக அண்மையில், இராமநாதபுரம் உச்சிப்புளியில் கடற்படையின் விமானத்தளம் இயங்குகின்றது. நீர்மூழ்கிகளுடன் தொடர்பாடும் நிலையம் திருநெல்வேலி மாவட்டத்தில் கட்டபொம்மன் பெயரில் உள்ளது.

எண்ணமும் செயலும்

இத்தனையும் உண்மையாயினும், இலக்குக்கும் நடைமுறைக்கும் இடையிலான தூரத்தையும் நாம் காணவேண்டும். விக்ரமாதித்யாவுக்கான ஒப்பந்தம் 2004இல் செய்யப்பட்டது. கப்பலைப் புதுப்பிக்கும் செலவு 974 மில்லியன் டொலரிலிருந்து 2.35 பில்லியன் டொலராக உயர்ந்தது. 2008இல் வரவேண்டிய கப்பல் 2013இலேயே வந்தது. 2005இல் ஒப்பந்தமான ஆறு நீர்மூழ்கிகளின் முதலாவது 2017இல்தான் சேவைக்கு வந்தது. 2013 ஓகஸ்டில் சிந்துரக்ஷக் நீர்மூழ்கி மும்பைத் துறைமுகத்திலேயே வெடித்து 18 பேர் மாண்டனர். அடுத்த ஆண்டு மற்றொரு நீர்மூழ்கியில் விபத்து நேர்ந்தபோது கடற்படைத் தளபதி அட்மிரல் ஜோஷி பொறுப்பேற்றுப் பதவி விலகினார்.

மறுபுறத்தில் சீனா 2025 நவம்பரில் தனது மூன்றாவது விமானந்தாங்கியான பூஜியானைச் சேவையில் இணைத்தது. ஜிபூட்டியில் 2017 முதல் சீனாவுக்குத் தளம் உண்டு. பாகிஸ்தானுக்கு எட்டு நீர்மூழ்கிகளை வழங்கவும் அது ஒப்புக்கொண்டுள்ளது. கப்பல்களின் எண்ணிக்கையில் சீனாவை எட்டிப்பிடிப்பது இந்தியாவுக்கு இயலாத காரியம். எனவே இந்தியா எண்ணிக்கையைவிட இருப்பிடத்தையே பெரிதும் நம்புகின்றது. இந்து சமுத்திரத்தின் நடுவே தான் அமைந்திருப்பதும், அயல்நாடுகளின் துறைமுகங்கள் சீனாவின் கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதுமே அதன் உபாயம். இலங்கை இக்கணக்கிற்குள் வருவது இவ்விடத்திலேதான்.

இரு கடிதங்களிலிருந்து ஓர் உடன்படிக்கை வரை

1987 ஜூலை 29ஆம் திகதி இந்திய-இலங்கை ஒப்பந்தத்துடன் ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜயவர்தனவும் கடிதங்களைப் பரிமாறிக்கொண்டனர். திருகோணமலையோ வேறெந்தத் துறைமுகமோ இந்தியாவின் நலனுக்குப் பாதகமான வகையில் எந்த நாட்டின் இராணுவப் பயன்பாட்டுக்கும் வழங்கப்படமாட்டாது என்பது அவற்றில் அடங்கிய உறுதிமொழிகளுள் ஒன்று. திருகோணமலை எண்ணெய்த் தாங்கிகளைக் கூட்டு முயற்சியாகப் புனரமைப்பதும் அவற்றில் இடம்பெற்றது. அந்தத் தாங்கிகள் குறித்த பங்கீடு 2022 ஜனவரியில்தான் முடிவானது. 99 தாங்கிகளில் 14 இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 இரு தரப்பினரதும் கூட்டு நிறுவனத்துக்கும் ஒதுக்கப்பட்டன.

இடையே 2014இல் சீன நீர்மூழ்கி இருமுறை கொழும்புக்கு வந்தது. 2017இல் ஹம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் சென்றது. 2022 ஓகஸ்டில் யுவான் வாங் 5 என்ற கப்பல் அங்கு நங்கூரமிட்டபோது எழுந்த சர்ச்சை வாசகர்களுக்கு நினைவிருக்கும். கப்பல் வருவதற்கு முதல்நாள், கடற்கண்காணிப்புக்கான டோர்னியர் விமானம் ஒன்றை இந்தியா இலங்கைக்கு வழங்கியது. ஒருவர் ஒன்றைச் செய்ய மற்றவர் அதற்கு மறுமொழி கூறும் இப்போக்கின் நடுவில், 2024இல் வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்களுக்கு ஓராண்டுத் தடையை அறிவிக்க இலங்கை தள்ளப்பட்டது. 2025 ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பில் இந்தியப் பிரதமர் முன்னிலையில் பாதுகாப்பு ஒத்துழைப்புக்கான புரிந்துணர்வு உடன்படிக்கை கைச்சாத்தானது. கைச்சாத்தான வேளையில் அதன் முழு வாசகம் மக்கள் முன் வைக்கப்படவில்லை என்பது பலத்த விமர்சனத்துக்கு உள்ளானது.

கிழக்குக் கரை கண்ட முகம்

கடற்படை என்றதும் யுத்தமே நினைவுக்கு வருகின்றது. ஆயினும் எமது கரை அதன் வேறொரு முகத்தையும் கண்டுள்ளது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டனர். இலங்கைக்கு முதலில் வந்த வெளிநாட்டு உதவிகளுள் இந்தியக் கடற்படையின் கப்பல்களும் அடங்கும். 2020 செப்டெம்பர் 3ஆம் திகதி எமது மாவட்டத்தின் சங்கமன்கண்டி முனைக்கு அப்பால் நியூ டயமண்ட் என்ற எண்ணெய்க் கப்பல் தீப்பற்றியது. குவைத்திலிருந்து இந்தியாவின் பரதீப் துறைமுகத்துக்குச் சென்ற அக்கப்பலில் சுமார் 270,000 தொன் மசகு எண்ணெய் இருந்தது. மாலுமி ஒருவர் உயிரிழந்தார். இலங்கைக் கடற்படையும் இந்தியக் கடற்படை, கரையோரக் காவற்படைக் கப்பல்களும் பல நாட்கள் போராடித் தீயை அணைத்தன. அந்த எண்ணெய் கடலில் கலந்திருப்பின் பொத்துவிலிலிருந்து கல்முனை வரையான மீனவர் குடும்பங்களின் கதி என்னவாகியிருக்கும் என்பதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைத் தாக்கியபோது, கொழும்புக்கு நல்லெண்ண விஜயம் செய்திருந்த விக்ராந்தே நிவாரணப் பணியில் இறங்கியது.

இந்திய நிதியுதவியுடன் 2024இல் கொழும்பில் திறக்கப்பட்ட கடல்சார் மீட்பு ஒருங்கிணைப்பு நிலையத்தின் ஆளில்லாக் கருவிகள் அறுகம்பையிலும் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் நிறுவப்பட்டுள்ளன. நடுக்கடலில் இயந்திரம் பழுதடைந்து தத்தளிக்கும் ஆழ்கடல் மீனவனுக்கு இது பயன்தர வேண்டும். அதே கருவிகள் யாருக்கு எத்தகவலைத் தருகின்றன என்று கேட்கும் உரிமையும் அக்கரையில் வாழும் மக்களுக்கு உண்டு.

நாம் கேட்கவேண்டியது

1971 டிசம்பர் 16ஆம் திகதி, டாக்காவில் பாகிஸ்தான் படைகள் சரணடைந்த அதே நாளில், இந்து சமுத்திரத்தை சமாதான வலயமாகப் பிரகடனப்படுத்தும் தீர்மானத்தை ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றியது. அதனை முன்மொழிந்ததில் முன்னின்றது இலங்கை. அக்கனவு நனவாகவில்லை, வல்லரசுகள் வெளியேறவுமில்லை, அயல்நாடு ஆயுதம் சேர்ப்பதை நிறுத்தவுமில்லை. ஆயினும் சிறிய நாடொன்று யாருடைய கப்பலுக்கும் சாட்சியாக மட்டும் இருக்கவேண்டியதில்லை என்ற அதன் அடிப்படை இன்றும் செல்லுபடியாகும்.

இந்தியாவின் கடல்வலிமை வளர்வதைத் தடுக்க எம்மால் இயலாது. அதனைப் பகைப்பதில் எமக்கு இலாபமும் இல்லை. சீனாவைக் காட்டி இந்தியாவிடமும் இந்தியாவைக் காட்டி சீனாவிடமும் பேரம் பேசும் பழக்கம் இருபுறமும் நம்பிக்கையிழக்கவே வழிவகுத்தது. கிழக்கு மக்கள் கேட்கவேண்டியவை எளிமையானவை. எமது கரையையும் துறைமுகங்களையும் பாதிக்கும் எந்த உடன்படிக்கையும் பாராளுமன்றத்திலும் மக்கள் முன்னிலையிலும் வைக்கப்பட வேண்டும். எண்ணெய்க் கப்பல் தீப்பற்றினாலும் மீனவன் காணாமற்போனாலும் முதலில் விரையும் ஆற்றல் எமது சொந்தக் கடற்படைக்கு வேண்டும். திருகோணமலையில் வரும் முதலீட்டின் பயன் இம்மாகாணத்தின் மூவின இளைஞர்களுக்கும் கிட்ட வேண்டும்.

2013இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகம் மணலால் மூடுண்டதையும், அதனால் ஒலுவில், நிந்தவூர்க் கரைகளைக் கடல் அரித்ததையும் இப்பிரதேச மக்கள் கண்முன்னே கண்டனர். அயல்நாடு 45,000 தொன் கப்பலை மிதக்கவிடும் காலத்தில், எமது மீனவனின் படகு பத்திரமாக வந்தணைய ஒரு துறையைச் செவ்வனே பேண எம்மால் முடியவில்லை. கடல்சார் கொள்கை பற்றிக் கொழும்பில் பேசப்படும் ஒவ்வொரு மேசையிலும் முதலில் வைக்கப்படவேண்டிய கோரிக்கை இதுவே. தமிழரும் முஸ்லிம்களும் இதனை ஒரே குரலில் கேட்டாலன்றி, கடலில் யார் வென்றாலும் கரையில் தோற்பவர்கள் நாமாகவே இருப்போம்.