அற்றோபின் ஊசியும் இதயமும்: தவளையிலிருந்து பேராதனை வரை



காலபோக நெல்லுக்கு மருந்தடிக்கும் நாட்களில் நறுவிலிக்குளத்தில் நாம் பூச்சியைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறோம். மருந்தடிப்பவரின் உடம்பைப் பற்றிப் பேசுவது குறைவு. காற்றுக்கு எதிரே நின்று சட்டை நனைய அடித்துவிட்டு வந்தவருக்கு வியர்த்துக் கொட்டி, எச்சில் வழிந்து, மூச்சு இரைத்து, கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கி, நாடியும் தளர்ந்தால் வைத்தியசாலையில் ஏற்றப்படும் முக்கியமான மருந்து அற்றோபின். அது தளர்ந்த இதயத்தை எப்படி மீட்கிறது என்பது முழுதாக விளங்க ஒன்றரை நூற்றாண்டு எடுத்தது.

மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகசு நரம்பைத் தூண்டினால் இதயம் மெதுவாகும் என்பதை 1845இல் வேபர் சகோதரர்கள் காட்டினர். ஏன் என்று தெரியவில்லை. ஒட்டோ லோவி என்ற யூத விஞ்ஞானி அதற்கான பரிசோதனையைக் கனவில் கண்டதாகப் பின்னாளில் சொன்னார். இரவில் எழுந்து குறித்து வைத்தார்; காலையில் அவருடைய எழுத்தே அவருக்கு விளங்கவில்லை (நமது பிள்ளைகள் சிலருக்கு இது ஆறுதலாக இருக்கும்). அடுத்த இரவு அதே கனவு வர, நேரே ஆய்வுகூடத்துக்குப் போனார். ஒரு தவளையின் இதயத்தில் நரம்பைத் தூண்டி, அதைச் சூழ்ந்திருந்த திரவத்தை நரம்பில்லாத இன்னோர் இதயத்தில் விட்டார். அதுவும் மெதுவானது. 1921இல் இது வெளியானது. அந்தப் பொருள் அசற்றைல்கோலின். 1936இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1938இல் நாசிகள் அவரைச் சிறைப்பிடித்து, பரிசுப் பணத்தைப் பிடுங்கிக்கொண்டுதான் நாட்டைவிட்டுப் போக விட்டார்கள்.

அந்தப் பொருள் இதயக் கலத்தில் என்ன செய்கிறது? 1950களில் பேர்னாட் கற்ஸ் உள்ளிட்டோரின் ஆய்வுகளால் பொற்றாசியத்தின் பங்கு தெளிவானது. பொற்றாசியக் கால்வாய் திறந்தால் அந்த அயன்கள் வெளியே போகும். கலத்தின் உட்புறம் மேலும் எதிரேற்றம் அடையும். அடுத்த துடிப்புப் பிந்தும். குளத்தின் துருசைத் திறந்துவிட்டால் நீர்மட்டம் நிரம்பத் தாமதமாவதைப்போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் துருசைத் திறப்பது யார்? 1985இல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் விடை சொன்னார்கள்: வாங்கிக்கும் கால்வாய்க்கும் இடையே ஜீ புரதம் என்றொரு தரகர் இருக்கிறார். பேர்ட்டில் ஹில் இருந்த சியாற்றில் குழு அதைப் பிடிக்கக் குக்கல் நோயின் பற்றீரியா நஞ்சைப் பயன்படுத்தியது. குழந்தைகளுக்கு முக்கூட்டுத் தடுப்பூசி போடுகிறோமே, அதே நோய்தான். அந்த நஞ்சு ஜீ புரதத்தை முடக்க, அசற்றைல்கோலின் வந்தாலும் கால்வாய் திறக்கவில்லை.

1987இல் சண்டை தொடங்கியது. ஜீ புரதம் தூண்டப்பட்டால் அல்பா, பீற்றா-காமா என இரண்டாகப் பிரியும். அல்பாதான் வேலை செய்வது, மற்றது அதன் கூட்டாளி மட்டுமே என்பது அன்றைய நம்பிக்கை. பொஸ்ரனில் கிளாபமும் ஈவா நீரும் இருந்த குழுவோ, பீற்றா-காமாவே கால்வாயைத் திறக்கிறது என்றது. ஹூஸ்ரன் குழு இல்லை, அல்பாதான் என்றது. பல வருடம் இழுபட்டது. 1993இல் அந்தக் கால்வாயின் மரபணு கைக்கு வந்த பின்னர்தான் வழக்கு முடிந்தது: பொஸ்ரன் சொன்னதே சரி. யாரும் கணக்கில் எடுக்காத பாதி நேரே போய்க் கால்வாயில் ஒட்டிக்கொண்டு அதைத் திறக்கிறது.

இனி வயலுக்கு வருவோம். ஓகனோபொசுபேற்று வகை நஞ்சு, அசற்றைல்கோலினை அழிக்கும் நொதியத்தை நிறுத்திவிடும். அசற்றைல்கோலின் குவியும், துருசு திறந்தபடியே கிடக்கும், இதயம் தளரும். அற்றோபின் வாங்கியில் அமர்ந்து வழியை மறிக்கிறது. தரகர் எழுப்பப்படாமலே இருந்துவிடுகிறார். நெஞ்சில் சளி தெளிந்து, துடிப்பு 80ஐத் தாண்டும் வரை வைத்தியர்கள் அளவைக் கூட்டிக்கொண்டே போவது இதனால்தான்.

அதே 1987இல் பேராதனையில் நிமல் சேனாநாயக்கவும் லக்ஷ்மன் கரலியத்தவும் உலகம் கவனிக்காத ஒன்றை எழுதினார்கள். முதல் ஆபத்திலிருந்து தேறிய நோயாளிகள் சிலருக்கு 1 முதல் 4 நாட்களுக்குள் கழுத்தும் மூச்சுத் தசைகளும் சோர்ந்துவிடுகின்றன. அற்றோபின் அதற்கு உதவாது. தசையில் அசற்றைல்கோலினின் வாங்கியே கால்வாய். நடுவில் ஜீ புரதம் இல்லை, அற்றோபின் அமர இடமும் இல்லை. மூச்சு இயந்திரம்தான் அப்போது கைகொடுக்கும்.

ஆகவே முதல் நாள் எழுந்து உட்கார்ந்து தேநீர் கேட்டார் என்பதற்காக நோயாளியைக் கையெழுத்து வைத்துக் கூட்டிவந்துவிட வேண்டாம். கழுத்தைத் தலையணையிலிருந்து தூக்க முடிகிறதா என்று வாட்டில் திரும்பத் திரும்பக் கேட்பது இதற்காகத்தான்.