மரப்பாலைத் திரித்தவர் மாட்டுப்பாலைத் திரிக்காதது ஏன்?

ஆலந்து நாட்டின் கௌடா நகரில், பாலாடைக்கட்டியை நிறுப்பதற்கென்றே 1668ஆம் ஆண்டில் எழுப்பிய எடைமாளிகை இன்றும் நிற்கின்றது. சுவிட்சர்லாந்தின் குருயேர் சிற்றூருக்கு ஒருநாட் பயணமாகச் செல்வோர், பாலாடைக்கட்டி உருவாகும் முறையை நேரிற் கண்டு, சுவைத்துத் திரும்புகின்றனர். ஓர் ஊரின் வரலாற்றை நாவினால் அறியும் பயணம் அது எனலாம்.

அத்தகைய பயணம் ஒன்றை நம் வட சிலாங்கூர்த் தோட்டங்களினூடே மேற்கொண்டால் எதனைச் சுவைக்கலாம்? இவ்வினாவை எனக்குள் எழுப்பியவன் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன். மெல்லிய ஈயத்தாளில் பொதிந்த பாலாடைக்கட்டித் துண்டினைக் காட்டி, "ஐயா, நம்ம ஆளுங்க இத்தனை மாடு வச்சிருந்தாங்களே, இதை ஏன் செய்யலை?" என்று கேட்டான். சிறுவன் கேட்டது எளிய கேள்வியன்று. அதற்கு விடை காண நம் தோட்ட வரலாற்றையே ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டியதாயிற்று.

சொற்கள் கூறும் சான்று

முதற்கண் மலாய் மொழியை நோக்குவோம். பாலாடைக்கட்டிக்கு அம்மொழியில் ‘கெஜு’ என்று பெயர். வெண்ணெய்க்கு ‘மெந்தெகா’ என்று பெயர். இரண்டும் போர்த்துக்கீசியச் சொற்களின் திரிபு. 1511இல் மலாக்காவைக் கைப்பற்றியோர் விட்டுச்சென்ற சுவடுகள் அவை. ஆனால் ‘தாடிஹ்’ என்பது ததி என்னும் வடசொல்லின் வழிவந்தது. ‘தைரு’ என்பதோ நம் தயிரே. ஆக, உறைந்த பாலின் பெயர்கள் இந்தியாவிலிருந்தும், கட்டியாக்கிய பாலின் பெயர் ஐரோப்பாவிலிருந்தும் இம்மண்ணுக்கு வந்தன. சொற்கள் வேறு வேறு கப்பலில் வந்தது போலவே, பாலைப் பற்றிய எண்ணங்களும் வேறு வேறு கப்பலில் வந்தன.

பாலாடைக்கட்டிக்குப் பேர்போன நாட்டினர் கோலசிலாங்கூருக்கு வராமலில்லை. 1784இல் டச்சுக்காரர் இங்குள்ள மலைக்கோட்டையைக் கைப்பற்றி, தம் தலைமை ஆளுநர் ஆல்டிங்கின் பெயரால் ஆல்டிங்ஸ்பர்க் எனப் பெயரிட்டனர். மறு ஆண்டே சுல்தான் இப்ராகிம் அதனை மீட்டார். 1905இல் மலாயா வந்த பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபோக்கோனியே, ரந்தாவ் பாஞ்சாங்கில் தோட்டம் அமைத்தார். இவர் 1917இல் தெனாமாரத்தில் நட்டதே இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமாகும். தமிழ்த் தொழிலாளரும் இடம்பெறும் ‘மலேசி’ என்னும் புதினத்தை எழுதி, 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றவரும் இவரே. எனினும் இவ்வட்டாரத்தில் பசுவை வளர்த்துப் பாலை வீடுதோறும் கொண்டுசென்றவர்கள் ஐரோப்பியர் அல்லர்; லயத்து மக்களே.

லயத்து மாட்டுக் கொட்டகை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதல் மக்களோடு மாடுகளும் இந்தியாவிலிருந்து இந்நாட்டுக்கு வந்தன. பல இனங்கள் கலந்து உருவான அவற்றின் வழித்தோன்றல்களைக் கால்நடைத் துறையினர் ‘உள்நாட்டு இந்தியப் பால்மாடு’ என்றே குறிப்பிடுகின்றனர். குடியேறிய மனிதனின் பெயரைக் குடியேறிய மாடும் பெற்றது!

கூட்டாட்சி மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிற்சட்டத் தொகுதி, குடும்பமுடைய தொழிலாளி ஒருவருக்கு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம், பயிரிடவோ மேய்ச்சலுக்கோ ஒதுக்கப்பட வேண்டும் என்றது. 1936ஆம் ஆண்டிறுதியில் இங்கு வந்து தொழிலாளர் நிலையை ஆராய்ந்த ஸ்ரீநிவாச சாஸ்திரியாரின் அறிக்கையும் இந்நிலப்பங்கைக் குறிப்பிடுகின்றது. பதினாறில் ஒரு பங்கு என்பது ஏறத்தாழ 2,700 சதுர அடி. ஒரு பசுவுக்கு இது போதாது. ஆயினும் பால்மரங்களின் நிழலில் முளைத்த புல், குறையை நிரப்பிற்று.

என் இளமையில் கண்டதைக் கூறுகிறேன். விடியுமுன், பெரட்டுக்குச் செல்வதற்கு முன்பே, தாய்மார் கொட்டகையில் பால் கறந்து முடிப்பர். மாலையில் மரவேலை முடிந்து வந்ததும் புல்லறுக்கப் போவர். பாலை அளந்தது எதனால்? காலியான டின் பால் டப்பாவினால்! தோட்டச் சம்பளம் ஆண்கள் கையில் சேர்ந்து கடைக்கணக்கில் கரைந்துபோன குடும்பங்களிலும், பால்காசு மட்டும் பெண்கள் முந்தானையில் தங்கியிருந்தது. பள்ளிச் சீருடையும் புத்தகமும் அம்முடிச்சிலிருந்தே வந்தன. பெரும்பாணாற்றுப்படையில் வரும் ஆயர்மகள் ஒருத்தி மோர் விற்று நெல் பெற்றுச் சுற்றத்தை உண்பிக்கின்றாள். நெய் விற்றதற்குப் பொன் வேண்டாது, எருமையும் பசுவும் வாங்குகின்றாள். காதுத் தோட்டை விற்றுக் கிடாரி வாங்கிய எங்கள் லயத்துப் பாட்டியும் அந்த ஆயர்மகளும் ஒரே கணக்கைப் போட்டவர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இருவகைப் பால்

தோட்டத் தமிழில் பால் என்றால் இருபொருள் உண்டு. மாட்டுப்பால் ஒன்று, மரப்பால் மற்றொன்று. மரப்பாலை ஆலைக்குக் கொண்டுசென்று, நீர் கலந்து, தொட்டியில் ஊற்றி, அமிலம் சேர்ப்பர். பால் திரிந்து கட்டியாகும். அதனை உருளையில் அழுத்தி நீரைப் பிழிந்து, தகடாக்கிப் புகைக்கூட்டில் தொங்கவிடுவர். பாலாடைக்கட்டி செய்வோர் செய்வதும் ஏறக்குறைய இதுவே: பாலைத் திரிப்பது, நீரை வடிப்பது, அழுத்துவது, சில வகைகளைப் புகையூட்டுவது. ஆகவே நம்மவர்க்கு இக்கலை தெரியாதென்பது பொருந்தாது. நாள்தோறும் மரப்பாலைத் திரித்த கை, மாட்டுப்பாலை மட்டும் திரிக்கவில்லை.

காரணம் என்ன? மூன்று கூறலாம்.

முதலாவது, மரபு. தமிழர் பாலைப் புளிக்கச் செய்தனரேயன்றித் திரியச் செய்தாரல்லர். பால் திரிவதைக் குறையென்றே கருதினர். வங்காளத்தில் பால் திரித்துச் செய்யும் இனிப்புகள் பெருகியமைக்குப் போர்த்துக்கீசியர் தொடர்பே காரணம் என்பது உணவு வரலாற்றறிஞர் அச்சயாவின் கருத்து. மேலும், ஐரோப்பிய முறைக்கு வேண்டிய உறைபொருள், பால்குடி மாறாத கன்றின் நான்காம் இரைப்பையிலிருந்து எடுப்பது. மாட்டுப் பொங்கலன்று கன்றுக்கு மாலையிட்டவன் அதனைக் கனவிலும் எண்ணான். நுண்ணுயிர்களைக் கொண்டு அதே பொருளை ஆக்கும் முறைக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது 1990இல்தான்.

இரண்டாவது, தட்பவெப்பம். பாலாடைக்கட்டி முதிர்வதற்கு 10 முதல் 15 பாகை வரையுள்ள குளிர்ந்த அறை வேண்டும். கோலசிலாங்கூரின் வெப்பமோ ஆண்டு முழுதும் 27 பாகையளவில் நிற்பது. இவ்வெப்பத்தில் பிரை ஊற்றிய பால் இரவுக்குள் தயிராகிவிடும். நீர் முற்றும் நீங்கக் காய்ச்சிய நெய்யோ மாதக்கணக்கில் கெடாது. நெய்யே நமது ‘முதிர்ந்த கட்டி’ என்று சொல்லலாம்.

மூன்றாவது, கணக்கு. கெட்டியான பாலாடைக்கட்டி ஒரு கிலோ செய்ய ஏறத்தாழ 10 லிட்டர் பால் தேவை. ஒன்றிரண்டு பசு வைத்திருந்த குடும்பம், அன்றன்று விற்றுக் காசாக்க வேண்டிய பாலை மாதக்கணக்கில் முடக்கிவைக்க இயலுமா?

ஒன்று மட்டும் விதிவிலக்கு. அது சீம்பால். கன்று ஈன்ற சில நாட்களின் பால் காய்ச்சியதும் தானே கட்டியாகும். வெல்லமிட்டு அண்டை வீடுகளுக்கெல்லாம் பகிர்ந்தளிப்பர். விற்கமாட்டார்கள். மாணவன் கேட்ட பொருளுக்கு நம் லயங்களில் மிக அருகில் நின்றது இதுவே.

டின் பால் வந்த கதை

மாட்டுப்பாலின் பெரும்பகை பாலாடைக்கட்டியன்று; டின் பால். நெஸ்லே நிறுவனத்தார் 1912இலேயே பினாங்கில் கட்டிப்பால் வணிகத்தைத் தொடங்கினர். கெடாத பால் என்பதால் அது தோட்டக் கடைகளிலும் எளிதில் நுழைந்தது. தாய்ப்பாலுக்கு மாற்றாக இனிப்புக் கட்டிப்பாலைப் பச்சிளங் குழந்தைகளுக்கு ஊட்டுவது உயிர்க்கேடு என்று, மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் 1939இல் சிங்கப்பூரில் ‘பாலும் கொலையும்’ என்னும் தலைப்பில் முழங்கினார். டப்பாவில் ஒட்டியிருந்த படத்தைக் கண்டு நம்பிய தாய்மாரைக் குறை கூற நமக்கு உரிமை இல்லை.

மாடுகள் சென்ற வழி

1948இல் தொடங்கிய அவசரகாலத்தில் பல லயங்கள் முள்வேலிக்குள் அடங்கின, மேய்ச்சலும் சுருங்கியது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பின்னர் ரப்பர் அழிந்து செம்பனை வந்தது. இளங்கன்றுகளைக் கடிக்கும், மண்ணை இறுக்கும் என்று மாடுகளைப் பல நிர்வாகங்கள் தடுத்தன. பிற்காலத்தில் ஆய்வாளர்களே, முதிர்ந்த செம்பனையின்கீழ் முறையாக மேய்க்கும் மாடுகள் களைச்செலவைக் குறைக்கும் என்று கண்டறிந்தனர். அந்த உண்மை வெளிவருமுன் எத்தனையோ கொட்டகைகள் வெறிச்சோடிவிட்டன. லயத்தை விட்டு அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்தோர் பாத்திரம் பண்டங்களை எடுத்துச் சென்றனர். பசுவை எடுத்துச் செல்ல இயலவில்லை. பசுவோடு பெண்களின் தனி வருவாயும் போயிற்று. இதனை எந்த இழப்பீட்டுப் பேச்சிலும் எவரும் ஒரு வரியாகக் கணக்கிட்டதாக நான் கேட்டதில்லை.

ஆகவே, அச்சிறுவனுக்கு யான் அளிக்கும் விடை இது: நம்மவர் பாலாடைக்கட்டி செய்யாதது அறியாமையால் அன்று, மரபும் வெயிலும் வறுமையும் கூடி வகுத்த அறிவால். அவர்கள் செய்தது தயிர், மோர், நெய். அதில் சேர்த்தது பிள்ளைகளின் கல்வி.

ஈஜோக், புக்கிட் ரோத்தான், ஜெராம், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தை ஆகிய ஊர்களில் மாடு வளர்த்த மூதாட்டியர் சிலர் இன்னும் உள்ளனர். ஆசிரிய நண்பர்கள் ஒருநாள் தம் மாணவர்களை அவர்களிடம் அழைத்துச் செல்வார்களாக. எத்தனை பசு, எங்கே மேய்ந்தது, படி என்ன விலை, அக்காசில் யார் படித்தார் என்று எழுதி வைப்பார்களாக. விடைபெறும்போது ஒரு குவளை மோரும் கிடைக்கும். நம் வட்டாரத்தின் சுவைப்பயணம் அதுவே.