தறிக்குழியும் சாய்வு நாற்காலியும்

பெருமை என்றால் என்ன என்பதற்கு இஸ்லாத்தில் உள்ள தெளிவான விளக்கம், உடையையும் செருப்பையும் பற்றிய ஒரு கேள்விக்குப் பதிலாக வந்தது. உள்ளத்தில் அணுவளவு பெருமை இருப்பவரும் சுவனம் புகமாட்டார் என்று நபிகள் நாயகம் (ஸல்) சொன்னபோது, கேட்டுக்கொண்டிருந்த ஒருவருக்குக் கவலை பிடித்துக்கொண்டது. நல்ல துணி உடுத்தவும் நல்ல செருப்புப் போடவும் மனிதனுக்கு ஆசை இருக்கத்தானே செய்யும், அதுவும் பெருமைதானா என்று கேட்டார். அல்லாஹ் அழகை விரும்புகிறவன் என்று சொல்லி நாயகம் அவரை அமைதிப்படுத்தினார்கள். உண்மையை ஏற்க மறுப்பதும் மக்களை இழிவாகப் பார்ப்பதுமே பெருமை என்றார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான செய்தி இது.

நம் மேடைப் பேச்சாளர்கள் பெரும்பாலும் துணியையும் செருப்பையும்தான் பிடித்துக்கொள்கிறார்கள். பட்டு வேட்டியைக் கண்டிப்பது எளிது. உண்மையை மறுப்பவர் ஜமாஅத்தின் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது அதைக் கண்டிப்பதற்குத்தான் துணிவு வேண்டும்.

சைத்தானான இப்லீஸின் கதையையே எடுத்துக்கொள்வோம். அவன் இறைவனை மறுத்தவன் அல்லன். வணக்கத்தில் குறை வைத்தவன் என்றும் சொல்ல முடியாது. ஆதமுக்குப் பணியச் சொன்னபோதுதான் அவன் கோளாறு வெளிப்பட்டது. தான் நெருப்பு, ஆதம் களிமண் என்று மூலப்பொருளைக் காட்டி மறுத்தான். உலகின் முதல் குலப்பெருமை அதுதான். நாயகம் கற்பித்த இரண்டு அடையாளங்களும் அந்த ஒரே பதிலில் அடங்கிவிட்டன: கட்டளை உண்மை என்று தெரிந்தும் மறுத்தான், எதிரே நின்றவரை இழிவாக எண்ணினான்.

1111-இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி தமது 'இஹ்யா' நூலில் பெருமைக்கும் தற்பெருமைக்கும் ஒரு தனி நூற்பகுதியே ஒதுக்கினார். தன்னைப் பற்றித் தானே வியந்துகொள்ள ஒருவன் போதும். பெருமையடிக்கத் தனக்குக் கீழே இன்னொருவன் வேண்டும் என்று இரண்டையும் பிரித்துக் காட்டினார். பெருமை பிறக்கும் இடங்களைப் பட்டியலிடும்போது செல்வத்தை அவர் முதலில் வைக்கவில்லை. கல்வி, வணக்கம், குலம் ஆகியவற்றுக்குப் பிறகே அழகும் செல்வமும் வலிமையும் ஆள்பலமும் வருகின்றன. ஆலிமுக்கும் (மார்க்க அறிஞருக்கும்) ஆபிதுக்கும் (வணக்கசாலிக்கும்) வரும் நோயே கடினமானது என்பது அவர் கணிப்பு. ஏழைக்கு இல்லாத பணம் அவனைக் கெடுக்காது. ஆனால் தொழுகை எல்லோரிடமும் இருக்கிறது, தொழாதவனைப் பார்த்து உதடு பிதுக்கும் வாய்ப்பும் எல்லோருக்கும் இருக்கிறது.

கஸ்ஸாலி முதலில் வைத்த மூன்றையும் கன்னியாகுமரி மாவட்டத்திலேயே பார்க்கலாம். கல்விக்கு இடலாக்குடி, வணக்கத்துக்குத் தக்கலை, குலத்துக்குத் தேங்காய்ப்பட்டணம்.

இடலாக்குடியில் 1874-இல் பிறந்தவர் செய்குத்தம்பிப் பாவலர். 1907 மார்ச் 10-ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்தில் ஒரே நேரத்தில் நூறு செயல்களில் கவனம் வைத்துச் சதாவதானி என்று பெயர் பெற்றார். தலைக்கனம் வருவதற்கு இதைவிடப் பெரிய காரணம் ஒரு புலவனுக்குக் கிடைக்காது. ஆனால் அவர் வாழ்க்கையில் நான் பெரிதாகக் கருதுவது வேறொன்று. வடலூர் இராமலிங்கரின் பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்று சைவர்களுக்குள்ளேயே வழக்கு மூண்டிருந்த காலம் அது. முஸ்லிமான பாவலர் அருட்பாவின் பக்கம் நின்று வாதாடினார். தம் மார்க்கத்தில் உறுதியாக இருந்துகொண்டே, பிறர் பாட்டில் தமக்கு உண்மையென்று பட்டதை மேடை ஏறிச் சொன்னார். உண்மையை மறுப்பது பெருமை என்றால், இது அதற்கு நேர் எதிர். கல்வியால் வரும் பணிவுக்கு நம் வட்டாரத்தில் இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

தக்கலையில் அடங்கியிருப்பவர் பீர் முகம்மது அப்பா. தென்காசியில் பிறந்து, தக்கலையில் தறி நெய்து பிழைத்தவர். ஞானப்புகழ்ச்சி உள்ளிட்ட பல நூல்களைப் பாடியவர். திருவிதாங்கூர் மன்னர்களின் பத்மநாபபுரம் அரண்மனை பக்கத்திலேயே இருக்கிறது. அரண்மனைக்குச் சீட்டு வாங்கிப் போகிறோம். நெசவாளியின் கபுறுக்கு எல்லாச் சமயத்தாரும் சும்மா நடந்து போகிறோம். ரஜப் மாத ஆண்டு விழாவில் இரவெல்லாம் ஞானப்புகழ்ச்சி பாடப்படுகிறது.

குழித்தறியில் நெய்பவர் தரையோடு தரையாக உட்கார்ந்து காலைக் குழிக்குள் விட்டிருப்பார். அவரோடு பேச வருபவர் குனிந்தாக வேண்டும். கீழக்கரையில் வாழ்ந்த பேரறிஞர் சதக்கத்துல்லா அப்பாவை அந்தக் குழியோடு இணைத்து ஒரு கதை வழங்குகிறது. பீரப்பா மார்க்க வரம்பை மீறுகிறாரோ என்று ஐயப்பட்டு அவர் விசாரிக்க வந்தாராம். பீரப்பா தறிக்குழிக்குள் பார்க்கச் சொன்னாராம். அங்கே கஅபா தெரிந்ததாம். சொல்பவருக்கு ஏற்ப விவரம் மாறும். வரலாறு என்று இதைச் சாதிக்க நான் வரவில்லை. கதையைச் சொல்லும் நம் ஆட்கள், எங்கள் அப்பா பெரிய ஆலிமையே வென்றுவிட்டார் என்ற நிறைவோடு முடிப்பதுதான் எனக்கு உறுத்தல். பணிவின் கதையைக் கொண்டுபோய்ப் பெருமையில் முடிக்கிறோம். என் பார்வையில் கதையின் நாயகர் சதக்கத்துல்லா அப்பாதான். அரபுக் கல்வி முழுவதும் கைவசம் இருந்தும், ஒரு நெசவாளி சொன்னதற்காகக் குனிந்து பார்த்தார், கண்டதை ஒப்புக்கொண்டார். அவர் நிமிர்ந்தே நின்றிருந்தால் கதையே இல்லை.

இனித் தேங்காய்ப்பட்டணம். அங்கே 1944-இல் பிறந்து, திருநெல்வேலியில் மிளகாய் வத்தல் வியாபாரம் செய்து, 2019-இல் மறைந்தவர் தோப்பில் முஹம்மது மீரான். அவருடைய 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' 1988-இல் நூலாக வந்தது. அதில் வடக்குவீட்டு அகமதுக்கண்ணு முதலாளியின் சொல்தான் ஊருக்குச் சட்டம். பள்ளிவாசலும் அவர் பிடியில். ஊருக்குள் ஆங்கிலப் பள்ளிக்கூடம் வருவதை அவர் எதிர்க்கிறார். மார்க்கம் கெட்டுவிடும் என்பது அவர் சொல்லும் காரணம். படித்தவன் தம் முன்னால் கைகட்டி நிற்கமாட்டான் என்பது உள்ளே கிடக்கும் காரணம். அவரை எதிர்த்துப் பேசுகிறவன் மஹ்மூது என்ற ஏழை.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். முதலாளியின் கண்ணுக்கு மஹ்மூதுதான் திமிர் பிடித்தவன். ஊரும் ஏறக்குறைய அப்படியே நினைக்கிறது. வணங்கி நிற்பதே பணிவு, நிமிர்ந்து பேசுவது அகங்காரம் என்று நாமும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் வளர்க்கிறோம். நாயகத்தின் விளக்கத்தை வைத்து அளந்தால் கணக்கு தலைகீழாகிறது. மஹ்மூது எந்த உண்மையையும் மறுக்கவில்லை, யாரையும் இழிவாகப் பார்க்கவும் இல்லை. இரண்டையும் செய்தவர் முதலாளி. பணக்காரன் முன்னால் கூனிக் குறுகுவதை இஸ்லாம் பணிவுக் கணக்கில் சேர்க்கவில்லை. தலை தரையைத் தொடும் சுஜூது ஒருவனுக்கு மட்டும் என்று வைத்ததே, மற்றவர் முன்னால் வளையத் தேவையில்லை என்பதற்குத்தான்.

1997-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற 'சாய்வு நாற்காலி' இன்னும் கசப்பான நூல். சௌதா மன்ஸிலின் முஸ்தபாக்கண்ணுக்குச் சொந்தமாகச் சாதித்தது ஒன்றுமில்லை. முன்னோர் மார்த்தாண்ட வர்மாவுக்குத் துணைநின்ற பழங்கதை உண்டு, கிடப்பதற்கு ஒரு சாய்வு நாற்காலி உண்டு, வீட்டுப் பெண்களை அடிக்க அதபுப் பிரம்பு உண்டு. நாக்கு ருசிக்காக வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக விற்றுத் தின்கிறார். குலப்பெருமை ஒரு மனிதனை என்ன செய்யும் என்பதை எந்தப் பயானிலும் நான் இவ்வளவு துல்லியமாகக் கேட்டதில்லை. செல்வத்தால் பெருமையடித்த காரூனைப் பூமி ஒரே நொடியில் விழுங்கியது. முஸ்தபாக்கண்ணை அவருடைய வீடே மெல்ல மெல்ல விழுங்குகிறது.

குலப்பெருமைக்கு நேர் எதிரான காட்சியும் நம் வரலாற்றில் உண்டு. கி.பி. 630-இல் மக்காவை வென்று நுழைந்தபோது நாயகம் தலையைத் தாழ்த்தி, தாடி ஒட்டகச் சேணத்தைத் தொடும் அளவுக்குக் குனிந்து வந்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அன்று கஅபாவின் மேல் ஏறிப் பாங்கு சொன்னவர் முன்னாள் அடிமையான பிலால். குறைஷிப் பெருங்குடியினர் சிலர் அதைக் கண்டு முகம் சுளித்தார்கள். வெற்றி பெற்றவர் தலை தாழ்ந்திருந்தது. தோற்றவர்களுக்குக் குலம் மட்டும் மிச்சமிருந்தது.

இன்று முதலாளிமார் இல்லை. வளைகுடாப் பணமும் படிப்பும் அந்த நாற்காலிகளைக் கவிழ்த்துவிட்டன. ஆனால் கஸ்ஸாலி அஞ்சிய வணக்கப் பெருமை வளர்ந்திருக்கிறது. தர்காவுக்குப் போகிறவரைப் பார்த்துப் போகாதவர் முகம் திருப்புகிறார், அவரைப் பார்த்து இவர் திருப்புகிறார். இருவரும் தம் ஈமானைக் காப்பதாகவே நம்புகிறார்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள். மதரஸா முடிக்கும் பிள்ளைகளுக்குப் பரிசாகக் கேடயம் கொடுக்கிறீர்கள். அடுத்த ஆண்டு அதற்குப் பதிலாக மீரானின் இந்த இரண்டு நாவல்களையும் வாங்கிக் கொடுங்கள். அவை நம்மை ஏசுகின்றன என்று யாராவது குறை சொன்னால், அவருக்கும் ஒரு படி கொடுங்கள்.