அலைகளுக்கு ஒரு சல்லடை

1930ஆம் ஆண்டில் வானொலி ஆர்வலர் சங்கமொன்று கோலாலம்பூரின் பெட்டாலிங் குன்றிலிருந்து 325 மீட்டர் அலையில் ஒலிபரப்பியது. அதற்கும் முன்பே, 1895இல், கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் கம்பியில்லாமலே அலையை அனுப்பி, தூரத்து மணியை ஒலிக்கச் செய்தார். அவர் ஆராய்ந்த நுண்ணலைகளில் 5 மில்லிமீட்டர் நீளமே உடையவையும் உண்டு. அலை அசையும் திசையை ஆராய அவர் எடுத்துக்கொண்டவை எவை தெரியுமா? முறுக்கிய சணல், இடையிடையே ஈயத்தாள் செருகிய ரயில் அட்டவணைப் புத்தகம்! நம் வீட்டுப் பிள்ளைகள் இதைக் கேட்கவேண்டும்.

ஏரியலில் பல நிலையங்களின் அலைகள் ஒருசேர வந்து விழுகின்றன. வேண்டியதை மட்டும் எப்படிப் பிரிப்பது? அரிசியை இரண்டு சல்லடையில் சலிப்பதை நினைத்துப் பாருங்கள். ஒன்றில் கல் தங்கும், மற்றொன்றில் நொய் உதிரும். நடுவே நல்ல அரிசி நிற்கும். அலைகளுக்கான இத்தகைய வடிகட்டியை 1915ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் கேம்ப்பெல்லும் ஜெர்மனியில் வாக்னரும் தனித்தனியே கண்டனர். கம்பிச்சுருளும் மின்தேக்கியும் அதற்குப் போதும்.

நுண்ணலைக்கு அவை ஒத்துவரா. உலோகக் குழிகளும் பட்டைகளும் தேவை. பட்டைகளைப் பக்கம் பக்கமாக வைத்து வடிகட்டி அமைக்கும் கணக்கை 1958இல் சீமோர் கோன் வகுத்தார். அகன்ற அலைவரிசை வேண்டுமானால் பட்டைகள் நெருங்கவேண்டும். இடைவெளி மயிரிழையாகிவிடும், செய்வதோ கடினம். பொறியாளர்களுக்கு இதுதான் தலைவலி. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் நிற்கும் கைத்தொலைபேசிக் கோபுரங்களின் கருவிகளிலும் இத்தகைய வடிகட்டிகள் உண்டு.