கொடுத்தவரிடம் திரும்பும் கொடை

திருமணமாயினும் பிறந்தநாளாயினும் விருந்துக்குச் செல்வோர் வெறுங்கையராய்ச் செல்லலாகாது என்பது நம் முன்னோர் போற்றிய முறை. வெற்றிலையும் பூவும் கனியும் தட்டில் ஏந்திச் சென்ற நாம், இன்று மேடையேறிப் பூச்செண்டு வழங்குகின்றோம். பூச்செண்டு மறுநாளே வாடிவிடுகின்றது. எவர்சில்வர் பாத்திரமோ பரண் ஏறிவிடுகின்றது. வேரோடு கூடிய கன்றைப் பரிசளிக்கும் வழக்கமோ மிகத் தொன்மையானது. பிற பரிசுகளுக்கு இல்லாத தனிச்சிறப்பும் அதற்கு உண்டு. அச்சிறப்பை வரலாற்றின் இரு சான்றுகளால் காண்போம்.

முதற்சான்று நம் பாரத நாட்டினது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகப் பேரரசர், புத்தர் ஞானம் எய்திய கயை அரசமரத்தின் கிளையொன்றை இலங்கை வேந்தன் தேவானாம்பிய தீசனுக்கு அனுப்பினார். அரசரின் மகள் சங்கமித்திரை அதனைப் பொற்கலத்தில் காத்து, இன்று மேற்கு வங்கத்தில் தம்லுக் என வழங்கும் தாமிரலிப்தித் துறையில் கப்பலேறி, இலங்கையின் வடகரையிலுள்ள சம்புகோளத்தில் இறங்கினார் என மகாவம்சம் கூறுகின்றது. அனுராதபுரத்தில் நடப்பட்ட அம்மரம் இன்றும் தழைத்து நிற்கின்றது. கயையில் நின்ற பழைய மரமோ 1876இல் புயலில் வீழ்ந்தது. அதன் வழிவந்த கன்றொன்றை 1881இல் தொல்பொருள் அறிஞர் கன்னிங்காம் அங்கு நட்டார். பின்னர் 1931இல் அனுராதபுரத்து மரத்தின் கன்று சாரநாத்திற்குக் கொண்டுவரப்பட்டு நடப்பட்டது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்து சென்ற கொடை, பிறந்த நாட்டிற்கே மீண்டு வந்தது!

இரண்டாம் சான்று சப்பானியருடையது. டோக்கியோ நகரம் நட்பின் அடையாளமாக 2,000 செர்ரி மரங்களை வாஷிங்டன் நகருக்கு அனுப்பியது. 1910 சனவரியில் அவை வந்து சேர்ந்தபோது பூச்சியும் நோயும் பற்றியிருந்தமை கண்டு, அமெரிக்கர் அவற்றைத் தீயிட்டு அழிக்க நேர்ந்தது. பகையாகி இருக்கவேண்டிய நிகழ்ச்சி அது. டோக்கியோ மேயர் யூகியோ ஓசாகியும் அவர்தம் நகரத்தாரும் மனம் கோணவில்லை. அரகாவா ஆற்றங்கரையின் புகழ்பெற்ற செர்ரி மரங்களிலிருந்து கிளையெடுத்து ஒட்டுக்கட்டி வளர்த்த 3,020 கன்றுகளை 1912இல் மீண்டும் அனுப்பினர். அவ்வாண்டு மார்ச்சு 27ஆம் நாள், அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் துணைவியார் ஹெலன் டாஃப்டும் சப்பானியத் தூதரின் துணைவியாரும் முதலிரு மரங்களை நட்டனர். 1915இல் அமெரிக்கர் டாக்வுட் என்னும் தம் நாட்டுப் பூமரங்களைக் கைம்மாறாக அளித்தனர்.

பின்னர் அவ்விரு நாடுகளும் போரில் மோதின. அந்நாளில் கவனிப்பாரற்று அரகாவாக் கரையின் தாய்மரங்கள் நலிந்தன. சப்பானியர் உதவி வேண்டவே, 1952இல் வாஷிங்டன் மரங்களின் கிளைகள் ஒட்டுக்கட்டுவதற்காக டோக்கியோவுக்கு அனுப்பப்பட்டன. 1981இல் வெள்ளத்தால் அழிந்த மரங்களுக்கு ஈடாகவும் வாஷிங்டனிலிருந்தே கிளைகள் கொண்டு செல்லப்பட்டன.

பார்சல் கணக்கு எழுதும் இரயில்வே எழுத்தராகிய நமக்கு, ஒரு பொருள் அனுப்பியவரிடமே திரும்பினால் அது சேருமிடம் சேரவில்லை என்பதே பொருள். செடியின் கணக்கு இதற்கு நேர்மாறானது. அது திரும்பி வருமாயின், சென்ற இடத்தில் செவ்வனே வேரூன்றிற்று என்பதே பொருள். ஆயினும் தருபவர் நோயற்ற கன்றைத் தேர்ந்தளித்தல் வேண்டும். பெறுபவர் நீர் வார்த்துப் பேணுதல் வேண்டும். இருவருள் ஒருவர் தவறினும் கொடை பட்டுப்போகும்.

காலனி வாழ்வினராகிய நமக்கு இவ்வரலாறு பெரிதும் பொருந்தும். மாற்றல் உத்தரவு வந்ததும் மூட்டை கட்டும் நாம், தொட்டிச் செடிகளை விட்டுச் செல்கின்றோம். ஊரிலிருந்து அரும்பாடுபட்டுக் கொணர்ந்த கறிவேப்பிலைக் கன்று வடநாட்டுக் குளிரில் ஓரிரவில் கருகிவிடுதலும் உண்டு. அதன் பக்கக்கன்று ஒன்றை அடுத்த வீட்டுப் பிறந்தநாள் விருந்தில் முன்பே அளித்திருப்போமாயின், நம்முடையது பட்டுப்போன அன்று அவர் வீட்டு வாயிலில் சென்று நிற்கலாம். கொடுத்த பாத்திரத்தைத் திருப்பிக் கேட்டல் இழிவு. கொடுத்த செடியில் ஒரு கன்று கேட்டலோ, பெற்றவருக்கும் பெருமையன்றோ!