வெயிலும் கிணறும் கற்பிக்கும் பாடம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வீடு கட்டிய பழைய மேசன்மாரும் தச்சரும் எக்கல்லூரியிலும் வரைபடம் பயின்றவரல்லர். ஆயினும், வெயில் எப்பக்கம் சாயும், சோளகம் எவ்வழி வரும், மாரி மழை எங்கே வடியும் என்பவற்றை நன்கு அறிந்திருந்தனர். அவ்வறிவின் திரண்ட வடிவமே நாற்சார் வீடு. நடுவே திறந்த முற்றம், சுற்றிலும் விறாந்தை, சுண்ணாம்புச் சாந்து பூசிய தடித்த சுவர், பனங் கைமரத்தின்மேல் ஓலை அல்லது ஓடு. சூடேறிய காற்று முற்றத்தின் வழியே மேலெழும். தாழ்ந்த கூரை வெயிலையும் சாரலையும் சுவரிற் படாது தடுக்கும்.

இத்தகைய அறிவு நெடுங்காலம் கல்லூரிப் பாடமாகவில்லை. கீழைநாட்டு மாணவரும் ஆபிரிக்க மாணவரும் இங்கிலாந்து சென்று, குளிர்நாட்டுக்குரிய கட்டட முறைகளையே கற்றுத் திரும்பினர். இக்குறையை எடுத்துரைத்தவருள் ஒருவர், மாஞ்செஸ்டரிற் பயின்ற அடேடோகுன் அடேயெமி என்னும் நைஜீரிய மாணவர். அவர் தூண்டுதலால் 1953இல் இலண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் வெப்பநாட்டுக் கட்டடக் கலை பற்றிய மாநாடு கூடியது. அடுத்த ஆண்டிலேயே இலண்டன் ஆர்க்கிடெக்சுரல் அசோசியேஷன் பள்ளியில் அதற்கெனத் தனித் துறை தோன்றிற்று. பின்னர் அத்துறையை நடத்திய ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர், ஜெர்மனியை விட்டு வெளியேறி, 1939இல் மைசூர் அரசின் தலைமைக் கட்டடக் கலைஞரானவர். இந்தியாவின் வெயிலிற் பெற்ற அனுபவமே இலண்டன் வகுப்பறைக்குப் பாடமாயிற்று என்பது கருதத்தக்கது.

இலங்கையில் கட்டடக் கலைக் கல்வி 1961இல் கட்டுபெத்தையில் தொடங்கியது. 1978இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகம் என்னும் பெயர் பெற்றது அவ்விடத்துக் கல்வி நிலையமே. இதற்கிடையில், 1971இல், ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட நூலொன்றின் வாயிலாக மஹோனி அட்டவணைகள் மாணவர் கைக்கு வந்தன. ஓரூரின் மாதாந்த வெப்பம், ஈரப்பதன், மழை ஆகியவற்றை அவற்றில் எழுதினால், கட்டடத்தின் திசை, அறைகளின் இடைவெளி, சாளரத்தின் அளவு, கூரையின் தன்மை ஆகியன தெளிவாகும். ஈரமும் வெப்பமும் மிக்க ஊருக்கு அவை கூறும் விதி எளியது: நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்கும் நோக்குக; காற்று ஊடறுத்துச் செல்க; கூரை வெப்பத்தைத் தேக்காதிருக்க. பகலெல்லாம் வெயிலை உண்டு இரவில் அதனை உமிழும் கொங்கிறீற்றுத் தட்டுக்கூரை இவ்விதிக்கு மாறானது.

எனினும், அட்டவணை காட்டுவது வானத்தின் இயல்பு. நிலத்தின் இயல்பை அது கூறாது. குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. மழைநீர் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளூடே இறங்கி, உவர்நீரின்மேல் நன்னீர்ப் படலமாய் மிதக்கின்றது. மேலே நன்னீரும் ஆழத்தே உவர்நீரும் கொண்ட நிலாவரைக் கேணி இதற்குக் கண்கண்ட சான்று. காங்கேசன்துறையில் 1950இல் தொடங்கி 1990இல் உற்பத்தி நின்றுபோன ஆலை சீமெந்தாக்கியதும் நீரைத் தாங்கும் இச்சுண்ணாம்புக்கல்லையே.

நீரை விரைந்து ஏற்கும் கல், அழுக்கையும் விரைந்து கடத்தும். முன்னாளில் வளவு அகன்றிருந்தது. கிணற்றுக்கும் மலசலகூடத்துக்கும் இடையே தூரம் இருந்தது. வளவுகள் பிரிந்து சிறுத்தபோது அத்தூரமும் குறுகிற்று. லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் உலகச் சுகாதார நிறுவனத்தின் எல்லையைக் கடந்த நைத்திரேற்றுப் பல கிணறுகளில் உண்டென ஆய்வுகள் காட்டியுள்ளன. வயல்களில் இடும் உரமும் மலக்குழிகளும் இதற்குக் காரணங்கள். பால்மா கரைத்துண்ணும் பச்சிளங் குழந்தைக்கு அந்நீர் கேடு விளைக்கும்.

ஆகவே, குடாநாட்டுக்கு வீடு வரையப் பழகும் மாணவன் முகப்பின் அழகை எண்ணுமுன் மூன்றினை அறிதல் வேண்டும்: காற்று வரும் திசை, மழைநீர் நிலத்திற் புகும் வழி, கிணற்றுக்கும் குழிக்கும் உள்ள தூரம். வரைபடத்தில் ஒரு கோட்டைச் சற்றுத் தள்ளி இடுவது அவனுக்குச் சிறு வேலை. அவ்வீட்டிற் பிறக்கும் குழந்தைக்கோ அது குடிநீர். முன்னோர் பழக்கத்தால் அறிந்ததைக் காரணத்தோடு அறியச் செய்வதே கல்வியின் பயன்.